பதினோரு மணி லைன்

இதை எனக்கு முதலில் சொன்னவள் சாராள்தான். போன ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, எங்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே சொன்னாள். கேட்ட அதிர்ச்சியில் உப்புப் போட்ட சட்டியிலேயே மறுபடியும் உப்புப் போட்டுவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் கிழங்கு சாப்பிடவில்லை.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதைத் துணியால் துடைப்பது. அப்படிப்பட்டவள் அந்தக் கம்ப்யூட்டருக்காக ஒரு மாசம் கண்ணீர் விட்டு ஜெபித்திருக்கிறேன்! எதற்காக ஜெபித்தேன் என்று தெரிந்த பிறகு ஒன்று முடிவு கட்டிவிட்டேன். இனிமேல் யார் ஜெபக்குறிப்பு கொடுத்தாலும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன்.

சாராளின் வீட்டுக்காரர் வைகுண்டராஜ் அண்ணன். தேனி பஜாரில் பாத்திரக்கடை. தங்கமான மனுஷர்தான். ஆனால் கை மட்டும் கொஞ்சம் இறுக்கம். கோயிலில் பிரசங்கம் தொடங்கியதும் தூங்குவார். காணிக்கைப் பை பக்கத்தில் வரும்போது இன்னும் ஆழமாகத் தூங்குவார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவில் அறிவித்தார்.

“சாராளு, நம்ம வீட்டுக்கு இன்டர்நெட்டு போடப் போறேன்.”

“எதுக்கு?”

“வேதம் வாசிக்க.”

சாராளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் குடித்தபிறகுதான் பேச்சு வந்திருக்கிறது.

“வேதம் அலமாரியில இருக்கே?”

“அதுல தமிழ் மட்டும்தான இருக்கு. இதுல அத்தனை பாஷையிலயும் இருக்காம்.”

“அத்தனை பாஷையும் உங்களுக்குத் தெரியுமோ?”

“கேள்வி கேக்காத. ரசத்தை ஊத்து.”

நிஜக் காரணம் வேறு. எனக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னைப்போல நீங்களும் ஏமாற வேண்டாம்.

சாராளுக்குப் பிறந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. அங்கே அவளுடைய அப்பா கொடுத்த திராட்சைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. கொடுத்தது மகளுக்கு, பத்திரம் எழுதியது மருமகன் பேரில். வாரம் தவறாமல் கம்பம் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் மாறிப் போய், ஒவ்வொரு பந்தலையும் பார்த்துவிட்டு வருவாள். எங்கள் சபையில் திருவிருந்துக்கு வைக்கும் ரசம் அந்தத் திராட்சையில் எடுப்பதுதான். சாராளுக்கு அந்தத் தோட்டம் மூன்றாவது பிள்ளை மாதிரி.

அந்தப் பிள்ளையை விற்கத்தான் அண்ணன் ரகசியமாக ஏற்பாடு செய்திருக்கிறார். பெங்களூர்க் கம்பெனி ஒன்று அங்கே விருந்தினர் விடுதி கட்டப் போகிறதாம். தோட்டத்துப் போட்டோக்களை இன்டர்நெட்டில் அனுப்புங்கள், இந்த மாசக் கடைசிக்குள் வந்தால் பேசலாம் என்று சொன்னார்களாம். விற்ற பணத்தில் கடைக்கு மாடி எடுத்து எவர்சில்வர் ஷோரூம் வைப்பது அண்ணனின் கனவு. பஜாரில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், சேதி சாராள் காதுக்கு வந்துவிடும். அதனால்தான் வீட்டுக்கே இன்டர்நெட். அதுக்குப் போர்த்திய துணிதான் வேதம்!



கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது. மகன் ஜோயல் சென்னைக்கு வேலைக்குப் போகும்போது மாடியில் விட்டுப்போனது. இன்டர்நெட்தான் வாங்க வேண்டும். அதைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அண்ணன் சாராளையும் கூட்டிக்கொண்டு ஸ்டான்லியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருக்கிறார்.

“எந்தக் கம்பெனி விலை கம்மி?”

“இந்த நீலப் பெட்டி அண்ணாச்சி. நூறு மணி நேரம் வரும்.”

அண்ணன் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

“என்னப்பா, எடையே இல்ல?”

“உள்ள ஒரு சிடியும் பாஸ்வேர்டும்தான் இருக்கு அண்ணாச்சி.”

“பாஸ்வேர்டு எடை நிக்காதா?”

விரல் முட்டியால் பெட்டியை நாலு பக்கமும் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டிருக்கிறார். குடம் வாங்க வருகிறவர்கள் அவர் கடையில் அப்படித்தான் தட்டுவார்கள். சாராள் வெட்கத்தில் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க அண்ணாச்சி,” என்றாராம் ஸ்டான்லி. “இது போன் லைன்லதான் ஓடும். ஓடும்போது வீட்டுல யாரும் போனை எடுக்கக்கூடாது. எடுத்தா அறுந்துரும்.”

“எங்க வீட்டுல இருக்கிறதே ஒரு போன்தான். அதைப் பெட்டியில வச்சுப் பூட்டிர்றேன்.”

சொன்னபடி பூட்டியும்விட்டார். ஹாலில் இருந்த பட்டன் போனை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

“சாராளு, நான் கடையை விட்டு வர்ற பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இந்தப் போனைத் தொடக்கூடாது.”

“ஹால் போனைத் தொட மாட்டேன். போதுமா?”

சாராள் பொய் சொல்லவே மாட்டாள். அன்றைக்கும் சொல்லவில்லை.

அவள் அடுக்களையில், அரிசி டிரம்முக்குப் பின்னால் பழைய கறுப்பு போன் ஒன்று கிடக்கிறது. பட்டன் போன் வந்தபோது, ஒரே வீட்டில் ரெண்டு போனுக்கு எவன் வாடகை கட்டுவான் என்று அண்ணன் அதை வேண்டாம் என்றார். அதிலிருந்து அது செத்துவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. அதன் தலையில் மஞ்சள்தூள் பாக்கெட்டும் கரித்துணியும் இருக்கும்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் தினமும் பதினோரு மணிக்குப் போன் ஜெபம் உண்டு. சாராள் என்னைக் கூப்பிடுவாள். ரெண்டு பேரும் ஜெபித்து முடித்ததும் நான் அடுத்தவளைக் கூப்பிடுவேன். மழையோ காய்ச்சலோ, சாராள் தவறியதே இல்லை. வழக்கமாக அந்த நேரம் கடையில் இருக்கிற அண்ணனுக்கு இந்தப் போன் ஜெபம் தெரியாது.

“அக்கா, ஸ்தோத்திரம். இன்னிக்கு அவுகளுக்காக ஒரு குறிப்பு.”

“வைகுண்டராஜ் அண்ணனுக்கா? உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. இன்டர்நெட்டு லைன் நிக்க மாட்டேங்குதாம். தினமும் நல்லா ஓடுதாம், பதினோரு மணிக்கு டக்குனு அறுந்துருதாம். உங்க குரூப்புல சொல்லி ஜெபிக்கச் சொல்லுன்னு அவுகளே கேட்டாக.”

அண்ணனே ஜெபம் கேட்டாரா! அதுவும் வேதம் வாசிப்பதற்காக! எனக்கு அப்படியே கண் கலங்கிவிட்டது. இருபது வருஷம் தூங்கின ஆத்துமா முழித்துக்கொண்டதே என்று போனைப் பிடித்துக்கொண்டு உருகி உருகி ஜெபித்தேன். ஆண்டவரே, அந்த லைன் அறாமல் நிற்கட்டும். மாடியில் ஓடுகிற அந்த லைனை உம்முடைய கையில் பிடித்துக்கொள்ளும்.

“ஆமென்,” என்று முடிப்பாள் சாராள், சத்தமாக.

மறுநாளும் பதினோரு மணிக்கு அறுந்தது. நான் இன்னும் கொஞ்சம் நீளமாக ஜெபித்தேன். அன்றைக்கு லைன் இன்னும் கொஞ்ச நேரம் வராமலே போனது.

அண்ணன் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டான்லி கடைக்கு ஓடினார்.

“இது ஓட்டைச் சரக்கு. பழசைப் போட்டுப் புதுசு குடு.”

“அண்ணாச்சி, இது இன்டர்நெட்டு. ஈயச் சட்டி இல்ல. எக்ஸ்சேஞ்சு கிடையாது.”

முனகிக்கொண்டே மஞ்சள் பெட்டி வாங்கினார். அது நீலத்தைவிட மலிவு. தட்டிப் பார்த்ததில் சத்தமும் தேவலையாம்.

மஞ்சள் பெட்டிதான் அவரை ஆட்டிவைத்தது. ஒருநாள் போட்டோ முக்கால்வாசி போன நேரத்தில் அறுந்தது. ஆத்திரத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, மரப்பெட்டியைத் திறந்து, ஹால் போனை எடுத்துக் காதில் வைத்திருக்கிறார். அடுத்த நிமிஷம் முகமெல்லாம் வேர்த்து அடுக்களை வாசலில் வந்து நின்றார். அதற்குள் சாராள் கறுப்பு போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சாராளு... போன்ல ஒரு குரல் கேட்டுச்சு.”

“என்ன குரல்?”

“பொம்பளைக் குரல். அழுதுக்கிட்டே என் பேரைச் சொல்லுது. வைகுண்டராஜ்னு முழுப் பேரு! என்னோட மறைவான காரியத்தை எல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவரணும்னு சொல்லுது.”

“உங்களுக்கு என்ன மறைவான காரியம்?”

“ஒண்ணுமில்ல! ஒண்ணுமே இல்ல!”

“அப்ப எதுக்கு இந்த நடுக்கம்? இந்தாங்க, மோரைக் குடிங்க.”

அந்தப் பொம்பளை யார் என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குப் பேசுகிற குரல் வேறு, ஜெபிக்கிற குரல் வேறு. மறைவான காரியம் என்பதையும் நான் அவருக்கென்று தனியாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் ஜெபிப்பேன். எங்கள் பால்காரருக்கும் அப்படித்தான்.

ஆனால் அண்ணன் அதோடு திருந்தினாரா? அதுதான் இல்லை! மஞ்சள் கம்பெனி லைனில் ஏதோ ஏறியிருக்கிறது என்று முடிவு கட்டி, மறுபடியும் ஸ்டான்லி கடைக்குப் போனார்.

“வேற கம்பெனி குடுப்பா. மலிவா, சத்தம் போடாததா.”

“இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி. இலவசம். பெட்டியே கிடையாது. நம்பர் மட்டும் எழுதித் தாரேன்.”

“இலவசமா! இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“தட்டிப் பாக்கிறதுக்கு உங்களுக்கு ஏதாச்சும் வேணுமேன்னுதான்...”

இலவசமும் பதினோரு மணிக்கு அறுந்தது. மாசக் கடைசி நெருங்க நெருங்க அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். அவருடைய லைனுக்காக நான் ஒருநாள் உபவாசம்கூட இருந்தேன்! கடைசியில் அவர் டெலிபோன் ஆபீசுக்கே போய்ச் சண்டை போட்டார். மறுநாள் லைன்மேன் கர்ணன் வந்தார்.

கர்ணன் மாடிக்குப் போகவில்லை. ஹால் போனையும் பார்க்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய், அரிசி டிரம்மை நகர்த்தி, மஞ்சள்தூள் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டு, கறுப்பு போனைக் காதில் வைத்தார்.

“அண்ணாச்சி, இது உயிரோடதான இருக்கு.”

“அது செத்து ரெண்டு வருஷமாச்சேப்பா!”

“நான்தான் மறுபடி மாட்டினேன். அக்கா கேட்டாக. இதை எடுத்தா மாடியில உங்களுக்கு அறுந்துரும்.”

கர்ணன் போனதும் அண்ணன் அப்படியே அரிசி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டாராம்.

“சாராளு... அப்ப அந்தக் குரல்?”

“நம்ம அக்காதான். உங்களுக்காகத்தான் ஜெபிச்சாக.”

“அப்ப உனக்குத் தோட்டத்து விஷயம் தெரிஞ்சுபோச்சு. அதைத் தடுக்கத்தான் தினமும் என் லைனை அறுத்திருக்க!”

“தோட்டமா? அது நீங்க நீலப் பெட்டி வாங்கின அன்னிக்கே முடிஞ்சுபோச்சே.”

“என்னது!”

“பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் பேசினாக. நீங்க கடையில இருந்தீக. பத்திரம் யார் பேருல இருந்தாலும் வீட்டம்மா சம்மதம் இல்லாம வாங்க மாட்டோம், உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டாக. இல்லைன்னேன். சரிங்கம்மா, வேற இடம் பாத்துக்கிறோம்னு மரியாதையா வச்சுட்டாக.”

அண்ணன் விரல் விட்டு எண்ணியிருக்கிறார். ஒரு மாசம். மூணு கம்பெனி. பூட்டு, சாவி, மோர், வேர்வை. எல்லாம் முதல் நாளே முடிந்துபோன காரியத்துக்காக!

“அப்புறம் எதுக்குடி தினமும் போனை எடுத்த?”

“பதினோரு மணி ஜெபத்துக்கு.”

“லைன் நிக்கணும்னு ஜெபிக்கிறதுக்கு, அந்த லைன்லயேவா பேசுவ?”

“வேற லைன் நம்ம வீட்டுல ஏது?”

இதைச் சொல்லிவிட்டுச் சாராள் அடுத்த கிழங்கைக் கையில் எடுத்தாள். நான் விடவில்லை.

“ஏத்தா, நெசத்தைச் சொல்லு. போனை எடுத்தா அது அறுந்துபோகும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“ஸ்டான்லி சொன்னப்ப நானும் அங்கனதான நின்னேன் அக்கா?”

“தோட்டம்தான் தப்பிச்சிருச்சே. அப்புறமும் எதுக்கு அந்த மனுஷரை இந்தப் பாடு படுத்தின?”

சாராள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“தோட்டத்தை விக்க நெனைச்சாக. அதைக்கூட மன்னிச்சுட்டேன். வேதம் வாசிக்கன்னு எங்கிட்ட சொன்னாக பாருங்க, அதுக்குத்தான்.”

அந்தச் சட்டியில் ரெண்டாவது தடவை உப்புப் போட்டது அப்போதுதான்.

இப்போது அண்ணன் இன்டர்நெட் என்ற பேச்சையே எடுப்பதில்லை. தோட்டம் தோட்டமாகவே இருக்கிறது. போன வாரம் சாராள் ஒரு கூடைத் திராட்சை கொண்டுவந்து கொடுத்தாள். கூடையைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் வந்தது அண்ணன்தான். என் குரலைக் கேட்டதும் ஒரு அடி தள்ளி நின்றார்.

இத்தோடு இந்தக் கதை முடிந்தது என்றுதான் நானும் நிம்மதியாக இருந்தேன். நேற்றுச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் ஜெபராஜ் கையில் ஒரு மஞ்சள் பெட்டியோடு உள்ளே வந்தார். வைகுண்டராஜ் அண்ணன் பாதி விலைக்குக் கொடுத்தாராம். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“எதுக்கு இது?” என்று கேட்டேன்.

“வேதம் வாசிக்க,” என்றார்.

லைன்மேன் கர்ணன் உங்கள் தெரு வழியாகத்தான் தினமும் சைக்கிளில் போவார். பார்த்தால், ஒரு எட்டு எங்கள் வீட்டு அடுக்களைக்கு வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.