பிரெஞ்சு மட்டும் மிஞ்சிய சொல்தாவும் எங்கள் ‘மூளை’யும்

கோரிமேட்டில் எங்கள் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வியாதி இருக்கும். எங்கள் விடுதி ‘மூளை’க்கு இருந்த வியாதி மூளைதான். உடம்பின் மற்ற உறுப்பெல்லாம் அதைச் சுமக்க வந்த கூலியாட்கள் என்று மனதார நம்பினான். அவனுடைய சொந்தப் பெயர் வார்டனுக்கே மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்று, “அண்ணே, உடையாம எடுத்துக் குடுங்க” என்று ஆட்டு மூளை வாங்கி வருவான். தட்டில் வைத்து, புத்தகப் படத்தோடு ஒப்பிட்டு, எங்களுக்கு வகுப்பெடுப்பான். பக்தியோடு கேட்போம். வகுப்பு முடிந்தால்தானே மிளகு போட்டு வறுக்க முடியும்? ஒருமுறை அது பாதி வகுப்பிலேயே வாணலிக்குப் போய்விட்டது. “டேய், பின்பக்கம் இன்னும் பாக்கவே இல்லடா!” என்று அவன் போட்ட சத்தத்தில் வார்டன் ஓடிவந்தார். வந்தவரும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

நாங்கள் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது அவனுக்கு இரண்டு இடம் கிடைத்தது. இங்கேயே எம்.டி., இல்லையென்றால் பெங்களூரில் மூளை ஆராய்ச்சி. ஒரு வாரத்துக்குள் ஒன்றை விட்டாக வேண்டும். பாகூரில் கரும்பு போடும் அவன் அப்பா போனில் கத்தியது எனக்கே கேட்டது. “நம்ம வூட்ட டாக்டர் வூடுன்னு சொல்றானுவ. நீ எலிக்கு ஊசி போடப் போறியா?” மூளை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அந்த வாரம்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் பக்கவாதத்தோடு வந்து சேர்ந்தார். பிறந்ததிலிருந்து பேசிய தமிழ் ஒரு வார்த்தை வரவில்லை. பிரெஞ்சு மட்டும் வந்தது. மனைவிக்கோ பிரெஞ்சு தெரியாது. அவர் எதையோ திரும்பத் திரும்பக் கேட்க, அந்த அம்மா காபி நீட்டினார், ரொட்டி நீட்டினார், ஃபேனைக் கூட்டி வைத்தார், குறைத்தும் பார்த்தார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் பள்ளியில் பிரெஞ்சு எடுப்பது பேசுவதற்கு அல்ல, மார்க்குக்கு. மூளையும் அப்படி எடுத்தவன்தான். அதைத் தூசு தட்டிக்கொண்டு ஓடினான். பேனாவைக் காட்டினான், கரண்டியைக் காட்டினான். எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் சரியான பெயர் வந்தது. “தமிழ் போயிடுச்சு, பிரெஞ்சு தப்பிச்சிடுச்சுடா!” என்று வார்டிலேயே குதித்தான்.

“ஆடினது போதும் தம்பி,” என்றார் அந்த அம்மா. “அவருக்கு இன்னா வேணுமாம்? அதக் கேட்டுச் சொல்லு.”

மூளை குனிந்து கேட்டான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. “அவருக்கு ஒன்னும் வேணாமாம்மா. நீங்க சாப்டீங்களான்னு கேக்கறாரு.”

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, “தமிழ்ல எப்ப தம்பி கேப்பாரு?” என்றார்.

மூளை பக்கத்தில் நின்ற பேராசிரியரைப் பார்த்தான். “வரலாம், வராமயும் போகலாம். தெரியாதும்மா” என்றார் அவர்.

இனி இவன் நோயாளிகளைவிட்டு நகரமாட்டான், எம்.டி.தான் என்று நான் முடிவுகட்டினேன். அவனோ பெங்களூருக்குப் பெட்டி கட்டினான். “தெரியாதுன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போவ என்னால முடியாதுடா” என்றான். அப்பாவிடமும் அதையே சொன்னானாம். அவர் சமாதானமானதாகத் தெரியவில்லை. ஆனாலும் பஸ் ஏற்றிவிட வந்தார்.

நான் வைத்தியனாகவே நின்றுவிட்டேன். “தெரியாதும்மா” என்று சொல்லாத வாரம் இல்லை. அந்தக் கிறுக்கன் அங்கே தேடிக்கொண்டிருக்கிறான் என்ற தைரியத்தில்தான் அடுத்த படுக்கைக்குப் போகிறேன்.