மல்லிகாவுக்கு டைபாய்டு வந்த வருடம்

நம்மைப் பற்றி ஊர் நல்லதாகச் சொன்னால் அதற்குப் பெயர் புகழ். அதையே நாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் விண்ணப்பம். இந்த வித்தியாசம் எனக்குப் பதினாறு வயதில் புரிந்திருக்கவில்லை. புரிந்திருந்தால் ஆரணியில் ஒரு வெள்ளி மெடலும் வேலூரில் ஒரு கல்லூரி இடமும் எனக்குக் கிடைத்திருக்கும். (கூடவே மேடையில் ஒரு ரோஜா மாலை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.)

எழுபதுகளின் நடுவில் அது நடந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் எங்கள் பெண்கள் பள்ளியிலேயே நான் முதலாவதாக வந்தேன். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்திவந்தார்கள். வருடத்துக்கு ஒருவருக்கு அவர்கள் ‘சிறந்த மாணவர்’ விருது கொடுப்பார்கள். வெறும் மெடல் இல்லை. விருது வாங்குகிறவரின் கல்லூரிச் செலவையும் விடுதிச் செலவையும் சங்கமே ஏற்றுக்கொள்ளும். ஆனால் மார்க் மட்டும் போதாது. விண்ணப்பிக்க வேண்டும், தலைமையாசிரியை சிபாரிசு எழுத வேண்டும், அப்புறம் நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

என் அப்பா மிஷன் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். என்னைக் கல்லூரிக்கு அனுப்ப அவரால் முடியாது. வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அம்மா அதற்குள் ஒரு டைலரிங் கிளாஸை விசாரித்து வைத்துவிட்டாள். ஊசியில் நூல் கோக்கவே எனக்குப் பக்கத்து வீட்டுத் துணை வேண்டும். ஆகவே இந்த விருதை நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்கு ஒரு குணம் உண்டு. யாரையும் புகழமாட்டார். தன்னையோ, தன் பிள்ளைகளையோ, நிச்சயமாக மாட்டார். பெருமை என்பது அவருக்குக் கொலைக்கு அடுத்த பாவம். பள்ளியில் முதல் என்று நான் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது, “சரி, கைகால் கழுவிட்டு வந்து சாப்புடு” என்றார். அவ்வளவுதான். அவருக்குச் சந்தோஷமா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

நேர்காணலுக்குக் கிளம்பும்போது அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிக்கொண்டே சொன்னாள்: “எதக் கேட்டாலும் தெரியும்னு சொல்லு எஸ்தரு. யாரு வந்து பாக்கப் போறாங்க?”

அப்பா வாசலில் நின்று சொன்னார்: “உள்ளத உள்ளபடி சொல்லு. பெருமையடிச்சிக்காத.”

நான் அப்பாவின் கட்சி. (அம்மாவின் கட்சியில் சேர்ந்தவர்கள் பிற்காலத்தில் நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.)

கடைத்தெருவில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் நேர்காணல். கீழே புடவை மடிக்கிறவர்கள் பேசுவது மேலே கேட்டது. வராந்தா பெஞ்சில் அப்பாவை உட்காரச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேர். நடுவில் கடை முதலாளி, அவர்தான் சங்கத் தலைவர். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இன்னொரு பக்கம் ஒரு லேடி டாக்டர்.

“ஸ்கூல்லயே ஃபர்ஸ்ட்டா வந்திருக்க. ரொம்ப சந்தோஷம். எப்படிம்மா படிச்ச?” என்று டாக்டரம்மா அன்பாக ஆரம்பித்தார்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். “மல்லிகாவுக்கு டைபாய்டுங்க.”

“யாரு மல்லிகா?”

“என் கிளாஸ் பொண்ணுங்க. எப்பவும் அவதான் ஃபர்ஸ்ட்டு. பரீட்சை சமயத்துல ஜுரத்தோட வந்து எழுதினா. அதனால நான் ஃபர்ஸ்ட்டு.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் என்னைக் கைதூக்கிவிட நினைத்தார். “கணக்குல நல்ல மார்க் எடுத்திருக்கியே?”

“பெரிய கணக்கு எங்க டீச்சர் முந்தின வாரம் போர்டுல போட்டதுங்க. அப்படியே வந்துச்சு.”

“கிளாஸ் லீடரா இருந்திருக்க. தலைமைப் பண்புன்னு எழுதியிருக்காங்க.”

“நான் உயரங்க ஐயா. போர்டு மேல வரைக்கும் கை எட்டும்னு டீச்சர் வெச்சாங்க.”

சொல்லச் சொல்ல எனக்கு ஒரு சுகம் வந்துவிட்டது. எவ்வளவு அடக்கமான பெண் என்று அவர்கள் வியப்பதாக நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அந்த அடக்கத்திலும் ஒரு பெருமை இருந்திருக்கிறது. கொஞ்சம் பயமும் இருந்திருக்கிறது. எனக்குத் தகுதி இல்லை என்று அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிட்டால் வலிக்காது அல்லவா?

வராந்தாவில் அப்பா இருமினார். முதலில் லேசாக, அப்புறம் காசநோய்க்காரரைப் போல.

“இன்னாம்மா இது, நீயே உனக்கு எதிர்சாட்சி சொல்லிகினு இருக்க?” என்றார் கடை முதலாளி. “வெளிய உங்கப்பாவா? சார், உள்ள வாங்க.”

அப்பா உள்ளே வந்தார். கும்பிட்டார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை.

“ஐயா, இவ சொல்றத நம்பாதீங்க. இவ ரொம்பப் புத்திசாலி. மூணு வயசுலயே பேப்பர் படிப்பா.”

நான் அதிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். மூன்று வயதில் நான் பேப்பரைத் தின்றதாகத்தான் அம்மா சொல்லியிருக்கிறாள்.

“வீட்டு வேலை எல்லாம் பாத்துகினே படிச்சா.”

“இல்லீங்க, அம்மாதான் பாப்பாங்க” என்றேன். (வாய் தானாகத் திறந்தது.)

“ஆர்மோனியம் நல்லா வாசிப்பா.”

“அது ரிப்பேருங்க.”

“வேதப் புத்தகம் முழுக்க மனப்பாடம்!”

தலைமையாசிரியர் ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். “அப்படியா? எங்க, அதுல ஒரு சங்கீதம் சொல்லும்மா.”

“ரொம்பச் சின்னது ஒண்ணு இருக்குங்க. அது மட்டும் தெரியும்.”

கடை முதலாளி மேஜையில் தலை கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டாக்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளில் பொய்யே சொல்லாத மனிதர், எனக்காக வரிசையாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா கேட்டார்: “அந்த மல்லிகா ஏன் விண்ணப்பம் போடல?”

“அவங்க வீட்ல காலேஜுக்கு அனுப்பமாட்டாங்க. மாப்பிள்ளை பாத்துகினு இருக்காங்க.”

மல்லிகாவின் அப்பா யாரென்று விசாரித்தார்கள். சொன்னேன். கடை முதலாளி நிமிர்ந்தார். “நம்ம கடைக்கு நெய்யறவரு. நான் பேசறேன்.” மேஜையிலிருந்து ஒரு புது விண்ணப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். “போற வழியில அந்தப் பொண்ணு கிட்ட குடுத்துடும்மா. ஜல்தியா எழுதிக் கொண்டாரச் சொல்லு.”

இப்படியாக, விருது கேட்டு மாடி ஏறியவள் தபால்காரியாக இறங்கினேன்.

மல்லிகா வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. காய்ச்சலில் உதிர்ந்த முடி இன்னும் சரியாக வளராமல், தலையில் துண்டு கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினேன். நன்றி சொல்லுவாள் என்று நினைத்தேன்.

“உனக்கு மூளை கீளை இருக்கா? போயும் போயும் என் ஜுரத்தப் பத்தியா பேசிட்டு வந்த? பேஜார் புடிச்சவளே!” என்று கத்தினாள். கத்திவிட்டுத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். “நிஜமாவே எங்கப்பா கிட்ட பேசறேன்னு சொன்னாரா?” என்று கேட்டபோது குரல் வேறாக இருந்தது.

பேசினார். மல்லிகாவுக்கே விருது கிடைத்தது. கூட்டத்தில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். மாலை அவள் கழுத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அன்றைக்கு நான் அழவில்லை. ஜூன் மாதம் அவள் டிரங்குப் பெட்டியோடு வேலூர் பஸ் ஏறியபோது வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அவள் கல்லூரி முடித்துப் பேங்கில் அதிகாரியானாள். கொஞ்ச வருடங்கள் எனக்குப் பொறாமை இருந்தது. அதையும் அவளிடமே சொல்லிவிட்டேன்.

நேர்காணல் அன்று வீடு திரும்பும்போது அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். “அதுல ஒண்ணு மட்டும் பொய் இல்ல” என்றார். எது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் முதலில் சொன்ன புத்திசாலி என்பதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு விருதும் எனக்கு அந்த அளவு சந்தோஷத்தைக் கொடுத்திருக்காது என்று சொன்னால் மிகையாகப்படும். ஆனாலும் சொல்கிறேன்.

அப்பா அதோடு விடவில்லை. போதகரைப் பார்த்தார், பழைய சிநேகிதர்களைப் பார்த்தார், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் வாங்கினார். டைலரிங் கிளாஸ் தப்பித்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு வேலை கிடைத்த பிறகு, போளூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி தின்றுகொண்டே மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: “பொண்ணு நல்லா சமைக்குமா?”

வீடு மூச்சை அடக்கிக்கொண்டது. அம்மா கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினாள். அப்பா சட்டென்று எழுந்து, “நான் கொஞ்சம் வெளிய இருக்கேன்” என்று தெருவுக்குப் போய்விட்டார்.

“ரசம் வெப்பேங்க” என்றேன். “அதுவும் சில நாள் புளிப்பா போயிடும். இந்த பஜ்ஜி எங்கம்மா சுட்டது.”

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அடுத்த மாதமே கல்யாணம். இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் மாமியார் நாலு பேரை உட்காரவைத்துச் சொல்லுவார்: “ஊர்ல பொண்ணு பாத்துட்டு வந்து, அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க. எங்களுக்கு அந்த வேலையே இல்ல. பொண்ணப் பத்திப் பொண்ணே புகார் குடுத்துடுச்சி.”