குல்யெல்மோ தாள் அறுத்த படலம்

வாழ்க குல்யெல்மோ! செரியோ ஆற்றங்கரையில் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்றுக் குடிகாத்த கொற்றவன். பறவை வேட்டையைப் பற்றி இத்தாலிய மண்ணில் அச்சேறிய பழநூல்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சிறைபிடித்து, படுக்கையறைச் சுவர் நெடுக அணிவகுத்து நிறுத்திய நூற்படைத் தலைவன். முப்பது இலையுதிர்காலம் துப்பாக்கி ஏந்தி மலையேறியும் ஓர் இறகுக்கும் ஊறு செய்யாமல், கொல்லா நோன்பைத் தன்னை அறியாமலே காத்துவந்த அருளாளன், வாழ்க!

பாட்டுடைத் தலைவனும் பாடும் புலவனும் ஒருவரே என்பதை அவையோர் பொறுத்தருள்க. வேறு எவரும் பாட முன்வரவில்லை. மனைவியைக் கேட்டுப் பார்த்தேன். தனக்கு வேலை இருப்பதாகச் சொன்னாள்.

தாள்தின்னும் தவமுனியே, இராமபாணப் பூச்சியே, நீ மேய்ந்தது போக மிஞ்சியதை எனக்கு விட்டருள். உன்னைத் தொழுது தொடங்குகிறேன்.

பெர்கமோ நகரத்துப் பழம்புத்தகச் சந்தையில், மழை சொட்டும் தார்ப்பாயின் அடியில், பாதிரியார் ஒருவரின் முழங்கையைத் தன் முழங்கையால் வென்று நம் தலைவன் கவர்ந்து வந்த நூல் ஒன்று உண்டு. மலைநாட்டுப் பிரபு ஒருவர் நூறாண்டுக்கு முன் எழுதியது. காட்டு உள்ளான் வேட்டையே அதன் பொருள். உதிர்ந்த இலையின் நிறமும் பின்னலூசி போன்ற அலகும் கொண்டு, மரத்துக்கு மரம் வளைந்து நெளிந்து பறந்து, தேர்ந்த வேட்டைக்காரனின் மானத்தையும் நாயின் எதிரிலேயே வாங்கிவிடும் பறவை அது.

நூலின் பெருமை அதன் பொருளில் இல்லை. அக்காலத்தில் பெருந்தாளை மடித்துத் தைத்து அப்படியே விற்பார்கள். வாங்கியவன் மடிப்பு விளிம்புகளைக் கத்தியால் அறுத்து அறுத்துப் படித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிரதியை மட்டும் எவரும் அறுக்கவில்லை. சில பக்கங்கள் தாமாகத் திறக்கும். சில பக்கங்கள் மடிப்புக்குள் மறைந்து, கதவடைத்த கோட்டை போல் கிடக்கும். இப்படிப்பட்ட கோட்டைக்காக உயிரையும் கொடுக்கும் கூட்டம் ஒன்று உலகில் உண்டு. அதில் ஒருவர் நகரத்து நோட்டரி. கடைக்கே வந்து நூலைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்செறிந்தார். சதுப்புநில உள்ளான்களைப் பற்றிய இரண்டு பாகங்கள் அவரிடம் இருந்தன. படங்களில் ஒவ்வொரு சிறகும் கையால் வண்ணம் தீட்டியது. நம் தலைவன் பல்லாண்டாகக் கனவில் மட்டும் புரட்டிய நூல். அதையே மாற்றாகத் தருவதாக வாக்களித்தார், ஒரு நிபந்தனையோடு: திங்கட்கிழமை அவர் வரும்போது ஒரு தாளும் அறுபட்டிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரேஸ்தே வந்தார்.

ஒரேஸ்தே ஓய்வுபெற்ற கொத்தனார், ஊரிலேயே மெய்யான வேட்டைக்காரர், தலைவனின் முப்பதாண்டுத் தோழர். அவர் சுட்டால் விழும்; இவன் சுட்டால் எதிரொலிக்கும். கோடையில் செர்ரி மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்ததால், மலைப் பக்கமே போகக் கூடாதென்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து உட்கார்ந்தார். அவருடைய கிழட்டு வேட்டைநாய் பிரீனா மேசைக்கடியில் படுத்தது. வேட்டைப் பருவம் தொடங்கியிருந்தது. மேலே காட்டிலிருந்து வெடிச்சத்தம் இறங்கி வந்தபோதெல்லாம் பிரீனா தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"எதாவது படிடா," என்றார். "காலால போக முடியல. காதாலயாவது போயிட்டு வரேன்."

தலைவன் கைகழுவித் துடைத்து, குழந்தையை ஏந்துவது போல் நூலை ஏந்தி, திறந்த பக்கங்களை முழங்கலானான். பனிமூடிய பீச் மரக்காடு, பிரபுவுக்கு முன்னே அவருடைய நாய், திடீரென்று அது ஒரு கால் தூக்கிக் கல்லாய் உறைகிறது, இலைக்குவியல் வெடித்தாற்போல் உள்ளான் எழுகிறது, பிரபு துப்பாக்கியைத் தோளில் பொருத்துகிறார், விசையில் விரல்...

பக்கம் முடிந்தது. அடுத்த இரண்டும் மடிப்புக்குள். அதற்கப்பால் திறந்திருந்த பக்கத்தின் முதல் வரி இது: 'வீடு சேரும்வரை நான் அழுதேன்.'

"என்னது?" என்றார் ஒரேஸ்தே. "நடுவுல என்ன ஆச்சு?"

"நடுவுல மடிப்புக்குள்ள இருக்கு. இதுக்கப்புறம் காலுறையக் காயவைக்கிறார்."

"ஏன்டா அழுதான்? டேய், அந்த ஆளு நாயச் சுட்டுட்டானா?"

"தெரியல."

"அறுத்துப் பாரு."

அப்போது தலைவன் எழுந்தான். மார்பில் நூலும் முகத்தில் மறமும் விளங்கப் பறைசாற்றினான்: "கேண்மின் தோழரே! நூறாண்டாகக் கத்தி காணாத விளிம்பு இது! ஞாயிறு மேற்கில் உதிப்பினும், செரியோ ஆறு மலைநோக்கி ஓடினும், என் கையால் இதன் மடிப்பு அவிழாது!"

"சரிடா, உக்காரு," என்றார் ஒரேஸ்தே. "நாய் என்ன ஆச்சுன்னு பாரு."

அறுக்காமல் பார்ப்பதென்று உழிஞை சூடி முற்றுகையிட்டான் தலைவன். மடிப்பைக் குழலாகச் சுருட்டி ஒற்றைக் கண்ணால் நோக்கினான், இருள். டார்ச் விளக்கொளியைப் படையாக உள்ளே ஏவினான். ஒளி போயிற்று, கண் போகவில்லை. மனைவியின் முகக்கண்ணாடியை ஒற்றனாகச் செருகினான்; எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி, 'கடவுளே' என்றும் 'பை' என்றும் இரண்டே சொற்களைக் காட்டிக்கொடுத்து, ஒற்றன் உள்ளேயே மாட்டிக்கொண்டான்.

பொலெந்தா என்னும் சோளக்களி கிண்டிய கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள் மனைவி தெல்ஃபினா.

"அந்தக் கண்ணாடிய உடைச்சீங்கன்னா ஏழு வருஷம் கெட்ட காலம். உங்களக் கட்டிக்கிட்ட வகையில எனக்கு ஏற்கெனவே முப்பது வருஷம் ஓடிருச்சு."

"மெதுவாப் பேசு, வேலையா இருக்கோம்."

"படிக்கக் கூடாத புஸ்தகத்த எதுக்கு வாங்கினீங்க? அதுக்குச் செங்கல் வாங்கி அடுக்கியிருக்கலாம். ஒரேஸ்தே ஓசியிலயே குடுத்திருப்பாரு."

"நல்ல செங்கலாவே குடுத்திருப்பேன்," என்றார் ஒரேஸ்தே.

மேலே மீண்டும் ஒரு வெடி. பிரீனா எழுந்து நின்று வாலை ஆட்டியது. ஒரேஸ்தே ஊன்றுகோலைத் துழாவினார்.

"சரி விடு. நோட்டரி வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும். இந்த வருஷம் எனக்கு எல்லாமே அரைகுறைதான்." அவர் குரலில் வருத்தம் இல்லை. இருந்திருந்தால் தலைவன் தப்பித்திருப்பான். "வாம்மா பிரீனா, போகலாம்."

ஒருபுறம் கையால் தீட்டிய சிறகுகள், இருபாகம், ஆயுட்காலக் கனவு. மறுபுறம் முப்பதாண்டுகள் தனக்காக மேட்டில் காத்து நின்று, தான் தவறவிட்ட பறவைகளுக்காக ஒருமுறையும் சிரிக்காத (சரி, சிரித்த, ஆனால் அன்போடு சிரித்த) ஒருவர் ஊன்றுகோலைத் தேடும் ஓசை. இவ்விரண்டுக்கும் நடுவே, கடலிடைக் கலம்போலவும், இருதலைக்கொள்ளி எறும்புபோலவும், கடன்காரனைக் கண்ட கடைக்காரன்போலவும் தத்தளித்த தலைவன், சலாமி இறைச்சி நறுக்கும் கத்தியை உறையிலிருந்து அல்ல, தட்டிலிருந்து உருவினான்.

"ஒக்காருங்க," என்றான்.

கத்தி பாய்ந்தது. நூறாண்டு மடிப்பு கரகரவென்று கதறியது. பாதியில் வழுக்கி, தாளின் ஓரத்தைக் கிழித்து, தலைவனின் கட்டைவிரலில் இறங்கியது. முதுகில் பட்ட புறப்புண் அன்று. முன்னின்று ஏற்ற விழுப்புண். முன்னே இருந்தது புத்தகம்தான் என்றாலும் விழுப்புண் விழுப்புண்ணே.

"கசாப்புக்கடையில கூட இப்படி அறுக்க மாட்டாங்க," என்றாள் தெல்ஃபினா. ஆனால் உட்கார்ந்துவிட்டாள்.

விரலை வாயில் வைத்துக்கொண்டு தலைவன் படித்தான். பிரபு விசையை அழுத்தினார். டக் என்றது. இன்னொரு முறை. டக். துப்பாக்கியில் தோட்டாவே போட்டிருக்கவில்லை. 'கடவுளே' என்று பையைத் தடவினார். தோட்டாக்கள் வீட்டில், வேறொரு மேலங்கியின் பையில். உள்ளான் அவர் தலைக்கு மேல் சாவகாசமாக ஒரு வட்டமடித்துப் போயிற்று. நாய் உட்கார்ந்தது. அவரை நெடுநேரம் பார்த்தது. பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, தனியாக வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது.

ஒரேஸ்தே மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"டேய் குல்யெல்மோ! இது நீதான்டா! அன்னைக்கு மலைமேல, அந்தப் பால் கறக்கிற குடிசைக்குப் பக்கத்துல, துப்பாக்கிக்குள்ள ஒண்ணுமில்ல, பை நிறைய சுட்ட கஷ்கொட்டை! ஐயோ, சிரிக்க வைக்காதடா, இடுப்பு வலிக்குது!"

படுக்கையறைச் சுவரில் நூல்களாய் நிற்பவர்கள் அனைவரும் குறிதவறா வில்லாளர் என்றெண்ணி, இத்தனை காலம் அவர்கள் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தவன் நம் தலைவன். இன்றோ அவர்களுள் ஒருவர் அட்டையைத் திறந்து இறங்கி வந்து, அசடு வழிய அவன் தோளில் கைபோட்டார். கட்டைவிரல் எரிந்தது, அது அவனுக்கு உறைக்கவேயில்லை.

"அடுத்த மடிப்ப அறுங்க," என்றாள் தெல்ஃபினா.

அறுத்தார்கள். மூவரும் முறைவைத்து அறுத்தார்கள். தெல்ஃபினாவின் கைதான் நேர்க்கோட்டில் போயிற்று. பிரபு ஓடையில் விழுந்தார். பாதிரியாரின் தொப்பியைச் சுட்டார். அத்தியாயத்துக்கு ஒருமுறை அந்த நாயிடம் மன்னிப்புக் கேட்டார். காகிதத் துணுக்குகள் பிரீனாவின் முதுகில் பனிபோல் படிந்தன. காட்டில் வெடிச்சத்தம் எப்போது ஓய்ந்ததென்று எவரும் கவனிக்கவில்லை.

மாலையில், தோற்ற மன்னன் தூது விடுவது போல், தலைவன் நோட்டரிக்குத் தொலைபேசினான்.

"அறுத்துட்டீங்களா?" என்றார் நோட்டரி. "எத்தன தாள்?"

"எல்லாம்."

மறுமுனையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. போரில் யானைப்படை முழுவதையும் இழந்தவன் அமரும் ஓசை. பிறகு, தயங்கிய குரலில்:

"அந்த நாய்க்கு ஒண்ணும் ஆகலயே?"

"ஒண்ணும் ஆகல, ஐயா. கோவம் மட்டும்தான்."

"நல்லது," என்றார் நோட்டரி. பெருமூச்சுவிட்டு வைத்துவிட்டார்.

இவ்வாறாக, வாராத வண்ணச் சிறகுகளை வானுக்கே விட்டுக்கொடுத்து, குருதி தோய்ந்த கட்டைவிரலே வாகை மாலையாக, கிழிபட்ட தாள்களே பகைவர் விட்டோடிய கொடிகளாக, தோழன் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்தபடி வாசல் கடந்ததே வெற்றி முரசாக, மலைகள் ஏழும் மாடங்கள் நூறும் வாழ்த்த, ஈடிணையற்ற வீரன் குல்யெல்மோ எழுந்து நிமிர்ந்து நின்றான்.

அப்புறம் நான் சலாமித் தோலையும் காகிதக் குப்பையையும் கூட்டி ஒரு பையில் போட்டு, கீழே கொண்டுபோய் வைத்தேன்.