ஸ்பேனர் அண்ணன் என்னைக் கம்போடியாவுக்கு அனுப்பிய கதை

லோரி இஞ்சினுக்கும் மனிதனின் ஜெபத்துக்கும் ஒரே காதை வைத்து நோய் கண்டுபிடிக்கிற ஆள் ஈப்போவிலேயே, ஏன், இந்தப் பேராக் மாநிலத்திலேயே ஸ்பேனர் அண்ணன் ஒருவர்தான். இரண்டிலும் அவர் இதுவரை தவறியதில்லை. அதுதான் என் தலையெழுத்து.

அவருடைய நிஜப் பெயர் அவர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் லோரிப் பட்டறை வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை ஆனால் பட்டறையின் இரும்புக் கதவு பாதி இறங்கும். கழற்றிப் போட்ட லோரி சீட்டுகள் வட்டமாக வந்து சேரும். எங்கள் சபையின் வேதபாடம் ஆரம்பம். அண்ணன் எந்தப் பகுதியை அதிகம் படித்திருக்கிறார் என்று அவரைக் கேட்கவே வேண்டாம். அவர் வேதாகமத்தின் பக்கங்களில் இருக்கும் கிரீஸ் கறையைப் பார்த்தால் போதும். ரோமர் நிருபம் கறுப்பாகவே இருக்கும். லேவியராகமம் மட்டும் கடையில் வாங்கின மாதிரி பளிச்சென்று இருக்கும்.

இஞ்சினைக் கழற்றுகிற மாதிரிதான் வசனத்தையும் கழற்றுவார். மூன்றே கேள்விகள். “யாரு சொல்றா? யாருகிட்ட சொல்றா? இப்ப நீ என்னா செய்யப் போற?” மூன்றாவதற்குப் பதில் சொல்லாமல் யாரும் ஆமென் சொல்லக் கூடாது. சொன்ன பதிலைச் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிவிடுவார். எந்த லோரிக்குப் பிரேக், எந்த லோரிக்குக் கிளட்ச் என்று எழுதுகிற அதே பலகை! பக்கத்து வீட்டுக்காரனை மன்னிப்பதாக நான் வாய் தவறிச் சொன்ன வாரம், ‘ஜேம்ஸ் – பக்கத்து வீட்டு வேலு – மன்னிப்பு’ என்ற வரி, ஒரு கியர்பாக்ஸுக்கும் ஒரு ரேடியேட்டருக்கும் நடுவில் ஏழு நாள் தொங்கியது. பட்டறைக்கு வந்த தமிழ் டிரைவர்கள் அத்தனை பேரும் என்னை வழியில் மறித்தார்கள்.

“என்னா ஜேம்சு, மன்னிச்சிட்டியா? இல்ல, ஸ்பேர்பார்ட் இன்னும் வரலியா?”

மானம் போகிறதே என்று மன்னித்தேன். எந்தக் குற்றத்துக்கு என்று வேலுவுக்கு இன்றுவரை தெரியாது.

இந்த இடத்தில் என் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். சபையில் எல்லாரையும் சிரிக்க வைப்பவன் நான். ஆனால் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக ஜெபிக்கிற நேரம் வந்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொந்தமாக ஜெபிக்க எனக்கு வராது. எங்கள் பழைய போதகரின் ஜெபம் ஒன்றை, இருமல் உட்பட, மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் தடவை அதை முழங்கி முடித்தபோது அண்ணன் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

“எக்ஸாஸ்ட் சத்தம் நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் எடத்த விட்டு நகரல.”

அன்றிலிருந்து கதவோரமாக இடம் பிடித்தேன். என் முறைக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது எனக்கு அவசரமாக போன் வரும். வெளியே ஓடிவிடுவேன். இரண்டு வருஷம், செவ்வாய் தவறாமல், அதே நிமிஷத்தில் எனக்குப் போன் வந்தது. நாட்டில் எந்த மந்திரிக்கும் அப்படி வந்திருக்காது.

சீஷர்களை உலகமெங்கும் அனுப்புகிற பகுதியைப் படித்த அன்றுதான் வினை பிடித்தது. மூன்றாவது கேள்வி என் பக்கம் திரும்பியது. சும்மா இருந்திருக்கலாம்.

“நானா? நான் கம்போடியாவுக்கே போவேண்ணே!”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சாக்பீஸை எடுத்தார். கம்போடியாவில் ஒரு கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போக எங்கள் சபை ஐந்து பேரைத் தேடியதும், அவரோடு சேர்த்து நாலு பேரே கிடைத்திருந்ததும் எனக்குத் தெரியாது.

“அண்ணே, அது ஜோக்குண்ணே!”

“எழுதியாச்சி லா.”

கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், காலாவதி என்றேன். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் ஒரு இழுவை லோரி வந்து நின்றது. அண்ணன் என்னை அதில் ஏற்றிக் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். இடுப்பு வலி என்றேன். இஞ்சினுக்குப் போடுகிறதா, மனிதனுக்குப் போடுகிறதா என்று தெரியாத ஒரு தைலத்தைத் தந்தார். கடைசி நம்பிக்கையாக என் மனைவி ரோஸ்லினிடம், “நீ தனியா இருப்பியே” என்றேன்.

“இருபத்தி ரெண்டு வருசமா ஒங்கள வெச்சி நான் ஊழியம் செஞ்சிட்டேன். நாலு நாளு அவங்க செய்யட்டும்” என்றாள்.

விமானத்திலிருந்து இறங்கி, வேனில் நாலு மணி நேரம் குலுங்கி, கிராமத்தில் கால் வைத்தால் சுற்றிலும் ரப்பர் மரங்கள். தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் மரத்துக்குப் பயந்தே விழுந்து விழுந்து படித்துத் தொழிற்சாலை வேலைக்கு ஓடியவன் நான். சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி மறுபடி அதே மரத்தடியில் வந்து நின்றேன்.

மறுநாள் காலை வீடு வீடாகப் போய் ஜெபிக்க வேண்டும். அண்ணனும் நானும் ஒரு ஜோடி. பேச்சை மொழிபெயர்க்க ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். முன்பு பினாங்கில் வேலை செய்தவர், மலாய் தெரியும். நான் எதைச் சொன்னாலும் அவரிடம் மலாயில்தான் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த ஒரே ஜெபம் தமிழ் ஜெபம். என் மலாயோ சந்தையில் மீன் விலை கேட்கிற மலாய். ஆனாலும் பக்கத்தில் அண்ணன் இருக்கிறார், ஜெபத்தை அவர் தலையில் கட்டிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு பலகை வீட்டு முன்னால் ஆசிரியை நின்றார். அந்த வீட்டு அம்மாவின் மகன் தாய்லாந்தில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனானாம். ஏழு மாசமாகத் தகவல் இல்லை. அவனுக்காக ஜெபிக்க வேண்டுமாம்.

அண்ணன் சட்டென்று நின்றார். முற்றத்தில் இருந்த தண்ணீர்ப் பம்பைப் பார்த்தார்.

“நீ போ. நான் இதப் பாத்துட்டு வாரேன்.”

“அது நல்லாத்தானே ஓடுது?”

“போன்னா போடா!”

போனேன். உள்ளே அந்த அம்மா பாயில் உட்கார்ந்து, மகனின் படத்தை மடியில் வைத்திருந்தார். கைகளைக் குவித்து என் வாயையே பார்த்தார். நான் வழக்கப்படி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. அதற்குள் அந்த அம்மாவின் பார்வை என் வாயை விட்டு போனுக்குத் தாவியது.

அப்போதுதான் உறைத்தது. ஒரு போன் வராதா என்று ஏழு மாசம் காத்திருக்கிறவர் எதிரே, வராத போனை வந்ததாகச் சொல்லி ஓடியவன் உட்கார்ந்திருக்கிறேன். போனை மறுபடி பைக்குள் வைக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது.

“பையன் பேரு என்னா?” என்று மலாயில் கேட்டேன். வுத்தி என்றார்கள்.

“துஹான்,” என்றேன். ஆண்டவரே என்று அர்த்தம். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கடைசியில், மீன் விலை கேட்கிற அந்த மலாயிலேயே சொன்னேன்: ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த அம்மா காத்திருக்கிறார். வுத்தி எங்கே இருக்கிறான் என்று உமக்குத் தெரியும். அவனைப் போன் பண்ணச் சொல்லும். ஆமென்.

அவ்வளவுதான். என் பழைய ஜெபத்தில் முன்னுரையே இதைவிட நீளம். ஆசிரியை அதைக் கெமர் மொழியில் சொல்லி முடித்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டார். ஏதோ சொன்னார்.

“அவன் பேரச் சரியா சொன்னீங்களாம்” என்றார் ஆசிரியை.

வெளியே வந்தால் பம்பு ஏழு துண்டாகத் தரையில் கிடந்தது. நாலைந்து பெண்கள் காலி வாளியோடு அண்ணனை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளத்த போல்ட்.

“ஜெபிச்சியா?”

“ஜெபிச்சேண்ணே. சத்தம்தான் இல்ல.”

“பரவால்ல லா.” போல்ட்டைப் புரட்டினார். “எம் பையன் கமுந்திங்ல இருக்கான் ஜேம்சு. நாலு வருசமாச்சி பேசி. கோவத்துல வீட்ட விட்டுப் போடான்னு நாந்தான் சொன்னேன். அந்தம்மா மூஞ்சப் பாத்து நான் என்னான்னு ஜெபிக்கறது? அவங்க பையன் எங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. எம் பையன் எங்கன்னு எனக்குத் தெரியும்.” போல்ட்டைக் கீழே வைத்தார். “கடல் தாண்டி வந்துட்டேன். நம்ம பக்கத்துல இருக்கற கமுந்திங் போறதுக்குத்தான் முடியல.”

ஊரில் அத்தனை பேரின் மூன்றாவது பதிலையும் பலகையில் எழுதியவர், தன் பெயரை ஒருநாளும் எழுதியதில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். உட்கார்ந்து பம்பின் குழாயைப் பிடித்துக்கொடுத்தேன். பூட்டி முடித்தபோது ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம். தண்ணீர் வந்தது.

வுத்தியிடமிருந்து போன் வந்ததா என்று ஆசிரியையிடம் மாசம் ஒரு தடவை கேட்கிறேன். இன்னும் இல்லை. கேட்பதை நிறுத்தவில்லை, அங்கேயும், மேலேயும்.

ஊர் திரும்பியதும், “நான் காடி ஓட்டறேண்ணே, கமுந்திங் போலாம்” என்றேன். ஒரு மணி நேரப் பயணம். முதல் தடவை ஊர் எல்லையில் இருக்கும் சிக்னல் விளக்குச் சந்தி வரை போனோம். “தாகமா இருக்கு, ஒரு தே தாரிக் குடிச்சிட்டுப் போலாம்” என்றார். இரண்டு கிளாஸ் டீ குடித்தார். பிறகு, “இருட்டிடும் லா, திரும்பிடுவோம்” என்றார். மணி காலை பதினொன்று.

இரண்டாவது தடவை பையன் வீட்டு வாசல் வரையே போய்விட்டோம். அண்ணன் கண்ணாடியை இறக்கி, அங்கே நின்றிருந்த பையனின் காரை ரொம்ப நேரம் பார்த்தார். “பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. கவனிக்கறானா பாரு” என்றார். “சரி, எடு” என்றார். ஈப்போ வந்து சேரும்வரை அந்த ஒரு டயரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

வரும் சனிக்கிழமை மறுபடி போகிறோம். காற்றடிக்கிற பம்பு ஒன்றை அவருக்குத் தெரியாமல் பின் சீட்டில் போட்டு வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் அந்தப் பையன் டயருக்குக் காற்று அடித்துவிடக் கூடாது என்பதுதான் காலையும் மாலையும் என் ஜெபம்.