குத்திய ஊசிகளின் எண்ணிக்கை

“வியாதிக்குப் பேரு மட்டும் கேட்டுராதே, கோச்சிக்குவாரு” என்று ஷேர் ஆட்டோவின் முன்சீட்டில் இருந்தவர் யாருக்கோ போனில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் நசுங்கியிருந்த பொன்னியம்மா அது தனக்கான செய்தி என்று நினைக்கவில்லை. கரையான்சாவடி வந்ததும் இறங்கிக்கொண்டாள்.

அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. ஆறு வருடமாகச் சாம்பார் அண்டா தூக்கியதில் வலது தோள் மேலே எழும்ப மறுத்துவிட்டது. ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு செல்லுபடியானால் காய் நறுக்கும் மேஜை; இல்லாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் அண்டா.

ஆனால் கம்பெனியில் அந்த மாதம்தான் ‘முழுநல வாழ்வுத் திட்டம்’ அமலுக்கு வந்திருந்தது. மனிதவள அதிகாரி பிரசன்னா சீட்டைப் பணிவுடன் திருப்பிக் கொடுத்தார்.

“இது வெறும் வைத்தியம்மா. நம்ம திட்டத்துல அக்குபஞ்சர் சான்றிதழ்தான் செல்லும்.”

அதை வாங்கத்தான் கரையான்சாவடிக்கு வந்திருந்தாள். அக்குபஞ்சர் சிகிச்சை மைய வாசலில், செருப்பையும் கைபேசியையும் முன்முடிவுகளையும் வெளியே விட்டு வரும்படி ஒரு பலகை இருந்தது. உள்ளே நான்கு பக்கப் படிவம். வியர்வை உப்பா, புளிப்பா? கனவில் வருவது ஆறா, கடலா? எந்த நிறத்தைக் கண்டால் கோபம் வரும்? தோளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

ஊசிக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹீலர் வெங்கட் நாடி பிடித்துக் கண்களை மூடினார். பிறகு குனிந்து, அவளுடைய இடது கால் சுண்டுவிரலை ஒரு கொட்டாவி நேரம் தொட்டார்.

“முடிஞ்சுது.”

“ஊசி?”

“அதெல்லாம் பழைய முறை. விரலே போதும்.”

“வலி தோள்ல கீது சார். நீங்க கால்ல தொடுறீங்களே?”

“சுவிட்ச் ஒரு இடத்துல, ஃபேன் ஒரு இடத்துலதானே இருக்கு?”

பொன்னியம்மா மேலே பார்த்தாள். “கரண்ட் இருந்தா சரி சார். இந்த நோவுக்கு இன்னா பேரு?”

ஹீலரின் முகம் சுருங்கியது. “பேர் வெச்சா நோய் தங்கிடும்” என்று சொல்லிவிட்டுச் சான்றிதழ் எழுதினார்: ‘இவருடைய உடல் தன்னைத்தானே சரிசெய்துகொண்டிருக்கிறது. எவரும் குறுக்கிட வேண்டாம்.’

திங்கட்கிழமை காலை பிரசன்னா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கணினியைத் திறந்தார்.

“நோயின் பெயர்?”

“வெச்சா தங்கிருமாம்.”

‘இன்னும் பெயர் வைக்கவில்லை’ என்று தட்டினார். கணினி ஏற்றுக்கொண்டது.

“குத்திய ஊசிகளின் எண்ணிக்கை?”

“ஒண்ணும் இல்ல நைனா. வெரலுதான்.”

பூஜ்யம் போட்டார். திரை சிவந்தது. மறுபடி போட்டார். மறுபடி சிவந்தது.

“ஒரு ஊசிக்கு ஒரு நாள் சலுகைம்மா. ஊசி இல்லேன்னா அண்டாதான்.”

“கை இதுக்கு மேல வரல, பாரு.” மார்பு வரை வந்து நின்றது கை.

“எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியணுமே.”

பொன்னியம்மா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

“முப்பது நாளு வேணும். நீ குத்து, நான் எண்றேன்.”

“நானா? நான் ஹீலர் இல்லையே!”

“ஹீலரு மட்டும் ஊசி புடிச்சாரா?”

பிரசன்னா திட்ட விதிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். இதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

“தோள்லயா?”

“கைல குத்து. சுவிட்ச்சு எங்க இருந்தா இன்னா.”

பதினேழில் கணக்குத் தவறியது. நேர்மை கருதி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். முப்பது என்று தட்டிய பிரசன்னா, ‘சிகிச்சை அளித்தவர்’ என்ற கட்டத்தில் சற்றுத் தயங்கித் தன் பெயரையே தட்டினார். திரை பச்சையானது. பொன்னியம்மா கையை ஊதிக்கொண்டே வெங்காயம் நறுக்கப் போனாள்.

மறுநாள் காலை பிரசன்னாவின் அறை வாசலில் பதினோரு பேர், ஆளுக்கொரு ஊக்குடன் நின்றார்கள். கடைசியில் நின்றவர் திட்டத்தைக் கொண்டுவந்த மேலாளர்.

பிரசன்னா வாட்சைக் கழற்றி வைத்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, முதல் டோக்கனைக் கூப்பிட்டார்.