ஆயிரத்து அறுநூறு வாட் வெயில்

மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வது என்று இஞ்ஞாசி முடிவெடுத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இது நாலாவது முடிவு. முதல் மூன்றும் என்ன ஆயின என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் கண்டெய்னர் காகிதங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து நல்லது கெட்டதை இணையத்தில் எழுதுவது அவர் பைத்தியம். வேலைக்குச் சம்பளம் உண்டு. பைத்தியத்துக்கு முன்னூற்றுப் பதினோரு வாசகர்கள் உண்டு. அதில் இரண்டு பேர் அவரே.

அப்பேர்ப்பட்டவரைச் சென்னையில் ஒரு இறக்குமதிக் கம்பெனி தேடிப் பிடித்துவிட்டது. அங்கே இன்ஜினீயராக இருக்கும் தனராஜ், ஒரு பவர் சப்ளையை அவர் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியிருந்தார். சுவரிலிருந்து வரும் கரண்டைக் கம்ப்யூட்டருக்குத் தோதாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. சாதாரணப் பெட்டி ஐந்நூறு வாட் தரும். இது ஆயிரத்து அறுநூறு. கறுப்பு வெல்வெட் பையில் வந்திருந்தது. இஞ்ஞாசியின் கல்யாண மோதிரத்துக்குக்கூட அந்த மரியாதை கிடைக்கவில்லை.

நிபந்தனை இதுதான். எழுபத்திரண்டு மணி நேரம் முழு லோடில் ஓட்டி, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். தேறினால் பெட்டி அவருக்கே சொந்தம். தேறாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரோ, கீழே ஃப்ரிட்ஜ் உறுமினால் மேலே மயங்கி விழும் ரகம். அந்தப் பெட்டி மேல் வந்த அளவு ஆசை, பெண் பார்க்கப் போனபோதுகூட அவருக்கு வந்ததில்லை.

தடை ஒன்றுதான். பெயர் விஜிலா. போன வருடம் இஞ்ஞாசி ஒரு யூபிஎஸ்ஸைச் சோதித்ததில் ஃப்ரிட்ஜ் புகைந்து, உள்ளே இருந்த எட்டுக் கிலோ சீலா மீன் கெட்டுப்போனது. இனிமேல் வீட்டில் சோதனை கிடையாது என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் இஞ்ஞாசி குசினிக்குள் எட்டிப் பார்த்தார். விஜிலா ஜன்னல் வழியாக மழையை முறைத்துக்கொண்டிருந்தாள். திரேஸ்புரம் கரையில் நெத்திலி வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, பாக்கெட் போட்டு, வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அனுப்புவது அவள் தொழில். ஆறு நாளாகச் சூரியன் தலைகாட்டவில்லை. முப்பது கிலோ நெத்திலி உப்பில் கிடந்தது.

"ஏளா, மாடி ரூம்ல ஆபீஸ் மெஷின் ஒண்ணு வச்சிருக்கேன். கண்டெய்னர் செக் பண்ணுத மெஷின். நீ அங்கன போயிராத."

"ஏன்?"

"ஆளு போனா கணக்கு மாறிரும். பூட்டித்தான் வைக்கணும்."

"எத்தன நாளு?"

"மூணு நாளு. நிறுத்தாம ஓடும்."

"சூடு இருக்குமோ?"

"பயங்கர சூடு. கிட்ட நிக்க முடியாது."

விஜிலா மறுபடி மழையைப் பார்த்தாள். "சரி, ஆபீஸ் காரியம். நல்லா ஓட்டுங்க" என்றாள்.

இவ்வளவு சுலபமா என்று இஞ்ஞாசிக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அடுத்த பொய்க்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது.

ஆயிரத்து அறுநூறு வாட்டை முழுசாகத் தின்பதற்கு எந்தக் கம்ப்யூட்டருக்கும் வயிறு கிடையாது. அதனால் வண்டி ஹெட்லைட் பல்புகள் பதினாறை, ஒவ்வொன்றும் நூறு வாட், ஒரு தகரத்தில் வரிசையாக மாட்டி, பெட்டியோடு இணைத்தார். சுவிட்சைத் தட்டினார். மாடி அறையில் சித்திரை மாதம் பிறந்தது. வெளியே கொட்டும் மழை, உள்ளே இஞ்ஞாசி பனியனோடு வியர்த்து நின்றார். மீட்டர் பன்னிரண்டு வோல்ட்டில் அசையாமல் நின்றது. விசிறி ஓடுகிறதா என்று காகிதத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் போய் வந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல், மீன் வாடை.

மீன் வாடை வந்தால் மீன் இருக்கிறது என்று நினைப்பது சாதாரண மூக்கு. இஞ்ஞாசியுடையது படித்த மூக்கு. மின்சாதனம் உள்ளுக்குள் கருகும்போது சில சமயம் மீன் வாடை அடிக்கும் என்று ஆங்கிலத்தில் ஒன்பது கட்டுரை படித்திருந்தார். கருவாட்டு வியாபாரம் நடக்கும் வீட்டில் நின்றுகொண்டு, நெஞ்சில் கை வைத்து, தனராஜுக்குப் போன் போட்டார். பெட்டிக்குள் ஏதோ கருகுகிறது போல, அப்படியே எழுதிவிடுங்கள், பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று அவரும் வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

கீழே வந்து, ஆபீஸ் மெஷின் கெட்டுவிட்டது, அணைக்கப்போகிறேன் என்றார். விஜிலா அரிவாள்மனையை விட்டு எழுந்தாள்.

"எதுக்கு அணைக்கணும்? நல்லாத்தான ஓடுது?"

"வாடை வருது ளா."

"ஒரு வாடைக்காக ஒரு பொருள வேண்டாம்னு தள்ளுவாங்களா? மூணு நாளுன்னா மூணு நாளு ஓடணும். அதான் நியாயம்."

இஞ்ஞாசிக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபேனை ஒரு நம்பர் கூட்டி வைத்தால் குறைத்துவிட்டுப் போகிறவள். கரண்டு பில்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்கிறாள். இப்படிப்பட்டவளிடமா பொய் சொன்னோம் என்று மனசு குத்தியது. பெட்டியை அணைக்கவில்லை.

ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதுவதாக வாக்குக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கீழே மேசையில் உட்கார்ந்து, போனில் அறிக்கையைத் தட்டினார். வோல்டேஜ் நன்று. விசிறி நன்று. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பின் மீன் வாடை. தேறவில்லை. கடைசி வார்த்தையைத் தட்டிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டிக்காகப் பெரிய மனுஷர் மூக்கை உறிஞ்சலாமா என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டார்.

தோளுக்குப் பின்னால் நின்று விஜிலா எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

"அத அனுப்பாதீங்க. மேல வாங்க" என்றாள்.

படியேறி, தன் இடுப்பிலிருந்து ஒரு மாற்றுச் சாவியை எடுத்து, அவர் பூட்டிய பூட்டைத் திறந்தாள். இஞ்ஞாசி வாயைத் திறப்பதற்குள், பல்புகளுக்கு நேர் மேலே இருந்த பரணின் திரைத்துணியை விலக்கினாள். மூன்று நாளாக மீட்டரையே பார்த்து நின்ற மனிதர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். பரண் முழுக்கப் பழைய வலையை இழுத்துக் கட்டி, முப்பது கிலோ நெத்திலி, மொறுமொறுவென்று காய்ந்து, வெள்ளி மாதிரி கிடந்தது.

"ஆபீஸ் மெஷின் இருக்குத ரூமுக்குள்ள..." என்று ஆரம்பித்தார்.

"பெட்டிய கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சீங்கள்லா. அங்கன கூட்டிப் பெருக்குதது யாரு? அட்டையில என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வாசிக்கத் தெரியாதாக்கும்?"

இஞ்ஞாசி எக்கி ஒரு நெத்திலியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"நான் சும்மா இருந்துருக்கலாம். எனக்கு வேண்டியது காஞ்சிட்டு. ஆனா நீங்க மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு, நல்ல பொருளப் போயி கெட்டதுன்னு எழுதப் போறீங்க. அது பாவம்லா."

கோபப்பட நல்ல சந்தர்ப்பம். இஞ்ஞாசியும் முயற்சி செய்து பார்த்தார், வரவில்லை. வந்தது நன்றிதான். ஒரு குற்றமும் செய்யாத பெட்டியின் பேரைக் கெடுக்க இருந்தார். தன் பேரையும் சேர்த்துத்தான். இவள் வாயைத் திறந்திராவிட்டால் இரண்டும் போயிருக்கும். அவர் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, "தேங்க்ஸ் ளா" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் இதை எத்தனை தடவை சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

இரண்டு பேருமாக நெத்திலியைக் கீழே இறக்கினார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, மிச்ச மணி நேரம் முழுவதும் பெட்டியை ஓட்டி, இஞ்ஞாசி கால் மணிக்கொரு தரம் குனிந்து முகர்ந்தார். வாடை போன இடம் தெரியவில்லை. அறிக்கையில் "தேறவில்லை" போய் "பிரமாதமாகத் தேறியது" வந்தது. வாடையின் காரணத்தையும் மறைக்காமல் எழுதினார். திங்கட்கிழமை காலையில் தனராஜ் போனில் சிரித்த சிரிப்பு குசினி வரை கேட்டது. பெட்டி இனி உங்களுடையது சார் என்றார்.

அன்று சாயங்காலம் இஞ்ஞாசி ஆபீசிலிருந்து பறந்து வந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, பெட்டியைத் தன் கம்ப்யூட்டரில் மாட்ட மாடிக்குப் போனார். அறையில் பதினாறு பல்பும் எரிந்துகொண்டிருந்தது. பரணில் புது நெத்திலி, ஈரத்தோடு.

பின்னாலேயே விஜிலா வந்தாள். "தனராஜ் தம்பி மத்தியானம் வீட்டுக்குப் போன் போட்டுச்சு. இன்னும் கொஞ்ச நாள் முழு லோடுல ஓட்டிப் பாக்க முடியுமான்னு கேட்டுச்சு. கிறிஸ்மஸ் வரைக்கும் ஓட்டுதோம்னு சொல்லிட்டேன். நம்ம நெத்திலியக் காப்பாத்துன பொருளுக்கு நாம இதக்கூடச் செய்யலன்னா எப்படி?"

"அப்ப எனக்கு என்ன வேல?"

"மேல ஏறி நெத்திலிய ஒரு தடவ திருப்பிப் போடுங்க."

நன்றி என்று ஒன்று இருக்கிறதல்லவா. இஞ்ஞாசி ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பரணில் ஏறினார்.