ஒரு முறம் தவிடு

பெற்ற பெண்ணை ஒரு முறம் தவிட்டுக்குக் கொடுத்தவள் நான். நல்ல தவிடாக இருந்தாலாவது மனசு ஆறும். பாதி உமி.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் வாயில் கை வைத்துக்கொள்கிறார்கள். அதனால் முதலில் விளக்கிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில், பிறந்த குழந்தைகள் வரிசையாகத் தவறிப்போனால், அடுத்த குழந்தையை வேறொருத்தியிடம் தவிட்டுக்கு விற்றுவிட்டு, அன்றைக்கே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். வேறு யாருடைய பிள்ளையோ என்று எமன் ஏமாந்துபோவானாம். (எமன் அவ்வளவு அசடு என்று நம்பியிருக்கிறோம், பாருங்கள்!) இதை வைத்தே, அடம் பிடிக்கிற பிள்ளையை, "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்லி மிரட்டுவதும் உண்டு. என் பெண் செல்லம்மாள் கல்லுக்குண்டு மாதிரி பிறந்தவள். எமனை ஏமாற்றும் அவசியம் எங்களுக்கு வரவில்லை. தவிட்டில் கொண்டுபோய் விட்டது பிடிவாதம்தான். அவளுடையதா, என்னுடையதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவளுக்கு அப்போது நாலு வயது, எனக்கு இருபது. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் கடலைக் காடு, கிணறு, ஓர் எருமை, இவை எல்லாவற்றுக்கும் மேலே செல்லம்மாள். இதுதான் எங்கள் குடித்தனம்.

தினமும் ராகிக் களியில் தொடங்கும். களி உருண்டையில் குழம்பு ஊற்ற ஒரு குழி வேண்டுமல்லவா? நான் குழி போட்டால், "நாந்தான் போடுவேன்!" என்று தட்டைத் தள்ளுவாள். அவளையே போடச் சொன்னால் விரல் சுட்டு, "நீ ஏன் போடல?" என்பாள். போட்ட குழியை மூடச் சொல்வாள். மூடிக் கொடுத்தால் மூடின தடம் தெரிகிறதாம். வேறு உருண்டை வைத்தால் அது வேறு களியாம். அவளுக்கு அந்தக் களிதான் வேண்டும், அதுவும் குழி விழுவதற்கு முன்னால் இருந்த அந்தக் களி. இதற்கு நான் என்ன செய்ய?

அப்புறம் தரையில் மல்லாந்து விழுவாள். அவள் குதிகாலால் உதைக்கிற உதையில் சாணி மெழுகின தரை பெயர்ந்து வரும். (வாரத்துக்கு ஒரு தரம் மெழுகுகிற தரையை நான் மூன்று தரம் மெழுகினேன். அந்த இடுப்பு வலி இன்னும் என்னோடுதான் இருக்கிறது.) மிளகாய் சுற்றிப் போட்டேன். பூசாரியிடம் திருநீறு வாங்கிப் பூசினேன். பூச்சாண்டி வருவான் என்றேன். வரவில்லையே என்று அதற்கும் ஒரு பாட்டம் அழுதாள். அடித்தேன். அடித்துவிட்டு நானும் அழுதேன். எனக்குப் போட்டியாக அவள் குரலை இன்னும் உயர்த்திக்கொண்டாள்.

கடைசி ஆயுதம்தான் தவிடு. "நீ எனக்குப் பொறந்தவளே இல்ல. மாராயிகிட்டத் தவுட்டுக்கு வாங்குன புள்ள. ஒரு நாளைக்கு அவகிட்டயே திருப்பிக் குடுத்துப்போட்டுத் தவுட்ட வாங்கிக்குவேன்!" என்று நாளைக்கு நாலு தடவை சொன்னேன். மாராயி எங்கள் வீட்டுக்கு நெல் குத்த வருகிறவள். காட்டு ஓரத்தில் குடிசை, ஐந்து பிள்ளைகள். நான் சொல்லும்போதெல்லாம் உலக்கையை நிறுத்தாமல் சிரிப்பாள்.

இப்படி இருக்கையில் என் வீட்டுக்காரரின் அக்கா வந்து சேர்ந்தாள். நான் அவளை நங்கையாள் என்று அழைப்பேன். அவள் நாக்குக்குத் தம்பியே பயப்படுவார். அன்றைக்குச் சேந்தமங்கலம் சந்தை. அவர் விடிந்ததும் வண்டி கட்டிக்கொண்டு தப்பித்துவிட்டார். நான் மாட்டிக்கொண்டேன். செல்லம்மாள் வழக்கம்போல் களியில் ஆரம்பித்து வாசலில் முடித்தாள். நங்கையாள் வெற்றிலையை மென்றுகொண்டே வேடிக்கை பார்த்தாள்.

"எங்க வம்சத்துல இப்படி ஒரு தொண்டை கெடையாது அம்மிணி. இது உங்கப்பனூட்டுச் சரக்கு. புள்ள வளக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் புள்ள?"

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மாராயி அப்போதுதான் குத்தி முடித்து, முறத்தில் தவிட்டைத் தனியாகப் புடைத்து வைத்திருந்தாள். (அந்தத் தவிடு அவள் கூலியோடு சேர்த்தி. அன்று நான் அதை யோசிக்கவில்லை. அதற்கப்புறமும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை.) போய் முறத்தைப் பிடுங்கினேன்.

"மாராயி, தவுடு எனக்கு. உம் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போ!"

"ஏனுங்க அம்மிணி, வெளையாட்டுக்குத்தானுங்க சொல்றீங்க?"

"என்ன வெளையாட்டு? கூட்டிக்கிட்டு நட!"

என் திட்டம் ரொம்பச் சின்னது. பத்தடி போவதற்குள் செல்லம்மாள் அலறிக்கொண்டு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். "அம்மா, நீதான் வேணும்" என்று சொல்ல வேண்டும். அதை நங்கையாள் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

செல்லம்மாள் அழுகையை நிறுத்தினாள். முறத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து மாராயியின் விரலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கா வீறாப்பு குறையும்? தவிட்டை அப்படியே கொண்டுபோய் எருமையின் கழுநீர்த் தாழியில் கொட்டினேன். எருமை ஒரு மூச்சில் குடித்துவிட்டு இன்னும் உண்டா என்று பார்த்தது.

அதற்கப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் மூன்று காட்டுக்குக் கேட்கிற குரல். அன்றைக்குக் குருவிச் சத்தம்தான் கேட்டது.

"என்ன அம்மிணி, புள்ளை அழுவற சத்தத்தையே காணம்?" என்றாள் நங்கையாள்.

உச்சிப் பொழுதில் தாங்க முடியாமல் கிளம்பினேன். பின்னாலேயே நங்கையாளும் வந்தாள். மாராயி குடிசை வாசலில் ஒரே சட்டியைச் சுற்றி ஆறு பிள்ளைகள். என் பெண் களி தின்றுகொண்டிருந்தாள். குழியை யார் போட்டது என்று அவள் கேட்டதாகவே தெரியவில்லை. "அய்யய்யோ, இங்க சோறு தின்னுதே!" என்று நங்கையாள் தலையில் அடித்துக்கொண்டாள். (அவளுக்கு அந்தக் கவலை.)

"வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"நீ தவுட்ட வாங்கிட்டயல்ல?" என்றாள் செல்லம்மாள்.

"அம்மா சும்மா சொன்னேன்."

"தவுட்டக் குடு. அப்பறம் வாரேன்."

வீட்டுக்கு ஓடினேன். பானையில் இருந்த தவிட்டை அள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்தேன். அவள் விரலால் கிளறிப் பார்த்தாள்.

"இது அது இல்ல."

"எல்லாம் ஒரே தவுடுதான், சாமி."

"அந்தத் தவுடு."

"அத எருமை தின்னுபோட்டுது."

செல்லம்மாள் அழவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நிஜமான கவலையோடு கேட்டாள். "அப்ப நான் எப்பிடி வாரது?"

இதற்கு மேல் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. இருபது வயதுக் குடும்பத்துப் பெண், மாராயி வாசல் புழுதியில் பொத்தென்று உட்கார்ந்து, காலை நீட்டி, குதிகாலால் தரையை உதைத்துக்கொண்டு, "வந்தாத்தான் ஆச்சு! இப்பவே வா!" என்று கத்தினேன். மாராயியின் பிள்ளைகள் களியை மறந்து வாயைப் பிளந்தன. காட்டு வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். செல்லம்மாள் பக்கத்தில் நின்று, விரலைச் சூப்பிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி பொறுமையாக என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா சந்தையிலிருந்து வண்டி திரும்ப வேண்டும்? என் வீட்டுக்காரர் மாட்டை நிறுத்தி இறங்கி வந்தார். புழுதியில் கிடந்த என்னையும் பக்கத்தில் நின்ற அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏ மாராயி, இதுல எது எம் புள்ள?" என்றார்.

ஊர் சிரித்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. அவர் செல்லம்மாளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார். அவள் உதைக்கவில்லை, திமிறவில்லை. யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போகிறவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றோடு அடம் நின்றது. மறுநாளிலிருந்து வைத்ததைத் தின்றாள், சொன்னதைக் கேட்டாள். "ஒரே நாள்ல வழிக்குக் கொண்டாந்துட்டா" என்று நங்கையாளே தன் ஊரில் போய்ச் சொன்னாளாம். பக்கத்துக் காட்டுப் பெண்கள் வந்து வைத்தியம் கேட்டார்கள். ஒரு மாதம் நானும் தலை கால் தெரியாமல் திரிந்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். அடம் எங்கேயும் போகவில்லை, ஆள்தான் மாறியிருந்தது. மாராயி நெல் குத்த வந்தால், "உலக்கைய நாந்தான் புடிப்பேன்!" என்று அவள் சேலையை இழுத்துக்கொண்டு உமியில் புரளுவாள். மாராயி நிறுத்தாமல் குத்திக்கொண்டே, "அழுது முடிச்சுப்போட்டுச் சொல்லு, சாமி" என்பாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று வயிறெரிந்தேன். ஐந்து பிள்ளை போதாதென்று என் பிள்ளையும் வேண்டுமா இவளுக்கு என்று நினைத்தேன். தவிட்டைப் பிடுங்கினவள் நான் என்பது அப்போதும் உறைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் வேண்டுமென்றே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, களியில் குழி போட்டேன். தட்டு தெரிகிற அளவுக்கு ஆழமாகப் போட்டேன். கத்துடி, தரையை உதை, நாளைக்கே மெழுகிக்கொள்கிறேன் என்று காத்திருந்தேன். அவள் குழியைப் பார்த்தாள். "கொழம்பு ஊத்தும்மா" என்றாள். ஊற்றினேன், தின்றாள். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது செல்லம்மாளுக்கே மூன்று பிள்ளைகள். எந்தக் கல்யாணத்தில் கூடினாலும் இந்தக் கதையை அவள்தான் சொல்ல வேண்டும். என்னைவிட நன்றாகச் சொல்வாள். நான் புழுதியில் புரண்டதை நடித்தே காட்டுவாள். அவள் அப்பா குரலில், "இதுல எது எம் புள்ள?" என்று கேட்டால் பந்தலே அதிரும்.

போன தையில் ஒரு கல்யாணத்தில் சொல்லி முடித்தபோது அவளுடைய கடைக்குட்டி கேட்டது: "அப்பறம் எப்பம்மா உன்னையத் திருப்பி வாங்குனாங்க?"

செல்லம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்க வாங்குனாங்க?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.